சுங்கை சிப்புட் தோட்டங்களுக்கு அவசர மருத்துவப் பயிற்றுநர்: யாரை அமர்த்துவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகமோ கோயில் கமிட்டியோ ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கக் காவல்) குழுவோ "ஆபத்து நேரத்தில் உயிர் காக்கும் பயிற்சி வேண்டும்" என்று விசாரிக்கத் தொடங்கினால், மேசையில் நாலு விதமான விலைப்புள்ளிகள் சேர்ந்துவிடும். தொண்டு அமைப்பு, தனியார் பயிற்சி நிறுவனம், அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் அல்லது பார்த்த எம்.ஏ. (மருத்துவ உதவி அதிகாரி), படையிலிருந்து ஓய்வுபெற்றவர். பெரும்பாலும் விலையை வைத்து முடிவெடுக்கிறார்கள்; விலை ஒத்துப்போனால் சீருடையை வைத்து. இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு வேறு இரண்டைக் கேட்க வேண்டும். வகுப்பு முடியும்போது ஒவ்வொருவர் கையும் எத்தனை நிமிடம் வேலை செய்திருக்கும்? சொல்லித்தருவது இந்த வட்டாரத்தில் நடக்கும் ஆபத்தா, வேறெங்கோ நடப்பதா?

ஆகவே ஆளைத் தேடுமுன் ஆபத்துகளை எழுதிக்கொள்ளுங்கள். செம்பனையில் அரிவாள் கட்டிய அலுமினியக் கழி மின்கம்பியில் பட்டு இதயம் நின்றுபோவது. அரிவாளோ உளியோ தொடையில், முன்கையில் இறங்குவது. இருபது கிலோ குலை கழுத்தில் விழுவது. சரிவில் டிராக்டர் கவிழ்ந்து ஓட்டியவர் அடியில் சிக்குவது. மருந்தடிக்கும்போது கண்ணில் தெறிப்பது, பாம்பு, குளவி. ஆலையில் நீராவி, கழிவுக் குழியின் நச்சுவாயு. பட்டணத்துக்குள் வந்தால் சாலை விபத்து, பாராங் (வெட்டுக்கத்தி) வெட்டு, திருவிழா நெரிசல், தீமிதியில் வெந்துபோன கால். துப்பாக்கிச் சூடு இந்தப் பட்டியலில் கடைசி. பயிற்றுநர் கொண்டுவரும் பாடத்திட்டத்தில் அது முதலில் நின்றால் அந்தப் பாடம் வேறு நாட்டுக்காக எழுதப்பட்டது.

அடுத்து நேரக் கணக்கு. சுங்கை சிப்புட்டில் மாவட்ட மருத்துவமனை உண்டு. பெரிய அறுவைக்கு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 999-க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் பட்டணத்துக்குள் வந்துவிடும். ஆனால் செம்மண் சாலையில், சங்கிலி போட்ட கேட்டைத் தாண்டி, உள் டிவிஷனில் எந்தப் பீல்டு என்று கண்டுபிடித்து வருவது வேறு கதை. பெரியவர் உடம்பில் ஓடுவது சுமார் 5 லிட்டர் ரத்தம். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் ஆள் போய்விடுவார். முன்பு தோட்டத்துக்கு ஒரு டிரசர் (தோட்ட மருத்துவ உதவியாளர்) இருந்தார். பல தோட்டங்களில் அந்த இடம் இப்போது காலி. அந்த முதல் பத்து நிமிடத்துக்கு மண்டோரையும் (வேலை மேற்பார்வையாளர்) பக்கத்து நிரையில் குலை வெட்டுகிறவரையும் தயார்செய்யத்தான் பயிற்றுநரைத் தேடுகிறோம்.

சாதாரண முதலுதவியும் ஆபத்துச் சூழல் மருத்துவமும் ஒன்றல்ல. முதலுதவி வகுப்பில் ஆபத்து ஏற்கெனவே முடிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு பாடம் நடக்கும். ஆனால் கம்பியில் மின்சாரம் இன்னும் ஓடுகிறது, பாராங் பிடித்தவன் இன்னும் நிற்கிறான், குழிக்குள் வாயு இன்னும் இருக்கிறது என்றால் பாடமே தலைகீழாகிவிடும். இதற்கான முறை படைகளிலிருந்து வந்தது. போர்க்களக் காய மருத்துவ வழிமுறை 1996-இல் அமெரிக்காவில் வெளியானது. பின்னர் அதைப் பொதுமக்கள் சூழலுக்கு மாற்றி டிஇசிசி என்ற வழிகாட்டுதலை 2011-இல் கொண்டுவந்தார்கள். சாரம் இதுதான்: ஆபத்து நேரடியாக இருக்கும்போது இழுத்து வெளியேற்று, கொட்டும் ரத்தத்தை மட்டும் கட்டு, ஆபத்து விலகியும் விலகாமலும் இருக்கும்போது சுவாசம், நெஞ்சுக் காயம், உடம்புச் சூடு ஆகியவற்றைக் கவனி, பிறகு ஏற்றி அனுப்பு. தோட்டத்துக்கும் இந்த மூன்று கட்டங்கள் அப்படியே பொருந்தும். கழிவுக் குழியில் மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் செத்துப்போவது முதல் கட்டத்தைத் தாண்டிக் குதிப்பதால்தான்.

இனி ஆட்களுக்கு வருவோம்.

பூலான் சாபிட் மேரா, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற தொண்டு அமைப்புகளின் வகுப்பு ஒழுங்கானது, கட்டணம் தாங்கக்கூடியது, சான்றிதழை எல்லாரும் ஏற்பார்கள். இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்துவது, எலும்பு முறிவுக்குக் கட்டு, மூச்சடைப்பு ஆகியவற்றை நன்றாகச் சொல்லித்தருவார்கள். குறை எங்கே என்றால், பாடத்திட்டம் அலுவலகத்துக்கும் தோட்டத்துக்கும் ஒன்றே. ஆபத்து தொடரும் சூழலுக்குப் பெரும்பாலும் நேரம் ஒதுக்குவதில்லை. தமிழில் எடுக்கும் பயிற்றுநர் கிடைப்பது கிளையைப் பொறுத்தது. முன்பதிவின்போதே கேட்டு வாங்க வேண்டும்.

தனியார் நிறுவனத்தின் பலம் காகித வேலை. எச்ஆர்டி கோர்ப் லெவி (மனிதவள மேம்பாட்டுக்காக முதலாளிகள் கட்டும் தொகை) கட்டும் முதலாளிக்கு அந்தப் பணத்திலேயே பயிற்சி முடிந்துவிடும். ஆனால் வகுப்புக்கு முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும், மலேசியத் தொழிலாளர்களுக்கு மட்டுமே அது செல்லும். இங்கேதான் பல நிர்வாகங்கள் சறுக்குகின்றன. குலை வெட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் இந்தோனேசியரும் வங்காளதேசியரும் நேப்பாளியரும் என்றால், லெவியில் பயிற்சி பெறுபவர் ஆபீஸ் கிராணி. வெட்டுப்படுபவர் வேறு ஆள். வெளிநாட்டுத் தொழிலாளருக்கான செலவைத் தனியாக ஒதுக்காமல் இந்த வழியில் இறங்க வேண்டாம். இன்னொன்று: விலைப்புள்ளி கொடுக்க வந்து இனிமையாகப் பேசுபவர் பெரும்பாலும் வகுப்பெடுக்க வருபவர் அல்லர். வருபவரின் பெயரையும் தகுதியையும் எழுத்தில் வாங்குங்கள்.

படையிலிருந்தோ பாதுகாப்புத் துறையிலிருந்தோ வரும் பயிற்றுநரிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று உண்டு: பதற்றத்தில் வேலை செய்யவைக்கும் பழக்கம். இருட்டில், சத்தத்தில், வழுக்கும் கையோடு, ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப்பட்டை (டூர்னிக்கெட்) கட்டவைப்பார். எந்தப் பக்கத்திலிருந்து நெருங்குவது, எப்போது ஓடுவது, நூறு கிலோ ஆளை இரண்டு பேர் எப்படி இழுப்பது என்பதெல்லாம் அவருக்குக் கைவந்தது. ஆனால் அவர் பார்த்த காயங்கள் வேறு. பூச்சிமருந்து, பாம்பு, வெயில் மயக்கம், சர்க்கரை நோயாளி என்று வந்தால் தடுமாறுவார். நெஞ்சில் ஊசி குத்திக் காற்றை வெளியேற்றுவது, நரம்பில் ஊசி ஏற்றுவது ஆகியவற்றைச் செய்துகாட்டினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அவை பதிவுபெற்ற மருத்துவப் பணியாளரின் வேலை. ரப்பர் பால் வெட்டுகிறவரும் கோயில் தொண்டரும் அதைத் தொடக்கூடாது. "டிஇசிசி பயிற்றுநர்" என்று அட்டையில் போட்டிருந்தால், அது அமெரிக்க நேஷனல் அசோசியேஷன் ஆஃப் எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னிஷியன்ஸ் நடத்தும் 16 மணி நேர வகுப்பில் கலந்துகொண்ட சான்றா, அதைக் கற்பிக்கத் தரப்பட்ட தகுதியா என்று பாருங்கள். இரண்டுக்கும் இடையே நிறையத் தூரம் இருக்கிறது.

எம்.ஏ. என்று ஊரில் சொல்லப்படும் பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான் 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்றவர். அவசரப் பிரிவிலும் ஆம்புலன்சிலும் வேலை செய்த எம்.ஏ. என்றால், இந்த வட்டாரத்துக் காயங்களை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். எந்தத் தோட்டத்து வளைவில் மோட்டார் சைக்கிள் விழும் என்பதுகூடத் தெரிந்திருக்கும். தமிழும் மலாயும் பேசுபவராகக் கிடைத்தால் விடாதீர்கள். சேவையில் இருப்பவர் வெளிவேலைக்குத் துறைத் தலைவரின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஓய்வுபெற்றவர் என்றால் கடைசியாக எந்த ஆண்டு ஆம்புலன்சில் போனார் என்று தயங்காமல் கேளுங்கள். இவர்களின் பொதுவான பலவீனம் பேச்சு. இருபது ஆண்டு அனுபவத்தைச் சொல்லச் சொல்ல நேரம் ஓடிவிடும், பொம்மையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பொம்மைகளும் அவரிடம் இருக்காது. வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும்.

உள்ளூரிலேயே பயிற்றுநரை உருவாக்குவது ஐந்தாவது வழி. தமிழ்ப்பள்ளியில் சீருடை இயக்கத்தைக் கவனிக்கும் ஆசிரியர், ஆலையின் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் போன்றவர்கள் பொருத்தம். 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தப்படி, பாதுகாப்பு அதிகாரி இல்லாத இடத்தில் ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்தால் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்கத்தான் வேண்டும், அவரையே அனுப்பலாம். இது முதல் ஆண்டுக்கான விடை அல்ல. ஆனால் மார்பு அழுத்தும் திறன் மூன்று முதல் ஆறு மாதத்திலேயே மங்கத் தொடங்கும் என்பதால், மறுபயிற்சிக்கு வெளியாளையே நம்பியிருக்கவும் முடியாது.

விலையை ஒப்பிடத் தலைக்கு எத்தனை வெள்ளி என்று பார்க்காதீர்கள். கை வேலை செய்யும் நேரத்துக்கு எத்தனை வெள்ளி என்று பாருங்கள். 24 பேர், 2 பொம்மை, மார்பு அழுத்த ஒரு மணி நேரம் என்றால் ஆளுக்கு 5 நிமிடம். அதே ஒரு மணி நேரத்தில் 6 பொம்மை இருந்தால் 15 நிமிடம். முதல் விலைப்புள்ளி பாதி விலைக்கு வந்தாலும் இரண்டாவதுதான் மலிவு. எட்டுப் பேருக்கு ஒரு பயிற்றுநர், மூன்று அல்லது நான்கு பேருக்கு ஒரு பொம்மை என்ற அளவுக்குக் கீழே இறங்கினால் அது பயிற்சி அல்ல, சொற்பொழிவு. 16 பேர் வகுப்புக்குப் பெரியவர் பொம்மை 4, குழந்தை பொம்மை 1, பயிற்சி ஏஇடி (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி) 2, பயிற்சி இறுக்குப்பட்டை 8, காயம் அடைத்துப் பழகும் மாதிரி 4, காஸ் துணி 32 சுருள் இருந்தால் யாரும் சும்மா நிற்க வேண்டியிராது.

காய மாதிரிக்கு வெளிநாட்டு வகுப்புகளில் பன்றி இறைச்சி வைப்பதுண்டு. இங்கே அது நடக்காது. தைப்பூச விரத காலம் என்றால் எந்த இறைச்சியும் நடக்காது. தடித்த பஞ்சுக் கட்டையில் 5 செ.மீ. ஆழத்துக்கு, இரண்டு விரல் நுழையும் அகலத்தில் துளை போட்டு, அடியில் குழாய் செருகிச் சிவப்பு நீரைப் பாட்டிலிலிருந்து அழுத்தினால் போதும். காஸை ஆழம்வரை திணித்து அழுத்தினால் நீர் நிற்க வேண்டும். மேலோட்டமாக வைத்தால் வழியும். பொய் சொல்லாத ஆசான் அந்தப் பஞ்சுக் கட்டைதான்.

இறுக்குப்பட்டை வாங்கும் பொறுப்பைப் பயிற்றுநரிடம் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட வேண்டாம். இணையக் கடைகளில் போலிகள் குவிந்திருக்கின்றன. முழுமையாக முறுக்கும்போது திருகுக்கோல் வளையும் அல்லது முறியும், ஒட்டுப்பட்டை பிரியும், ரத்தம் மறுபடி கொட்டும். கேட் (சிஏடி) என்ற இறுக்குப்பட்டை வகையில் நீல நிறம் பயிற்சிக்கானது, கறுப்பும் ஆரஞ்சும் உண்மையான பயன்பாட்டுக்கு. பயிற்சியில் திரும்பத் திரும்ப இழுத்த பட்டையை முதலுதவிப் பெட்டிக்குள் வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தேவைப்படும் நாளில் அது கைவிடும். பெல்ட், கயிறு, லுங்கி ஓரம் ஆகியவற்றால் கட்டி முறுக்குகோல் இல்லாமல் இழுப்பது பெரும்பாலும் தமனியை அடைக்காது.

ஒப்பந்தத்துக்கு முன் இருபது நிமிட மாதிரி வகுப்பு கேளுங்கள். மறுப்பவரை விட்டுவிடலாம். அந்த இருபது நிமிடத்தில் நீங்கள் போட வேண்டிய கேள்விகள் சில.

தொடையில் அரிவாள் வெட்டு, ரத்தம் பீய்ச்சுகிறது, இறுக்குப்பட்டை எப்போது? "கடைசி வழியாக" என்றோ "கால் மணிக்கு ஒருமுறை தளர்த்த வேண்டும்" என்றோ சொன்னால் அவர் படித்தது பழைய பாடம். கை கால்களில் உயிரைக் குடிக்கும் ரத்தப்போக்கு என்றால் உடனே, காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, முட்டியையும் முழங்கையையும் தவிர்த்து, ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, நேரத்தை எழுதிவைத்துவிட்டு மருத்துவமனை வரை தொடக்கூடாது. நிற்கவில்லை என்றால் பக்கத்தில் இன்னொன்று. நன்றாகக் கட்டினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும் என்பதையும் அவர் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடிபட்டவர் கத்தியதும் கட்டியவர் பயந்து தளர்த்திவிடுவார்.

பாராங் வெட்டு தோள்மூட்டில், அக்குளில், கழுத்தோரத்தில் விழுந்தால்? அங்கே பட்டை கட்ட இடமில்லை. காஸைத் திணித்து முழு எடையோடு அழுத்த வேண்டும்: ரத்தம் உறையவைக்கும் மருந்து தோய்த்த காஸ் என்றால் குறைந்தது 3 நிமிடம், சாதாரணக் காஸ் என்றால் 10 நிமிடம், நடுவில் தூக்கிப் பார்க்காமல். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் உள்ளே திணிக்கக்கூடாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் கேட்காமலே அவர் சொல்கிறாரா என்று பாருங்கள்.

பாம்பு கடித்தால் இறுக்குப்பட்டை உண்டா? இல்லை. கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்துத் தூக்கிச் செல்ல வேண்டும். பாம்பைப் பிடிக்க ஓடாமல், எட்ட நின்று படம் எடுத்தால் போதும். நாகம் கண்ணில் துப்பியிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ரத்தப்போக்கையே பேசிப் பழகிய பயிற்றுநர்கள் தவறுவது இந்தக் கேள்வியில்தான்.

கழி மின்கம்பியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆள் கீழே கிடக்கிறார், என்ன செய்வது? "காய்ந்த குச்சியால் தள்ளு" என்று சொல்பவர் வீட்டு பிளக்கை மனதில் வைத்துப் பேசுகிறார். உயர் அழுத்தக் கம்பியில் ஈரத் தரையே மின்சாரம் கடத்தும். எட்ட நின்று எல்லாரையும் தடுத்து, 999-க்கும் தெனாகா மின் நிறுவனத்தின் 15454-க்கும் சொல்லி, மின்சாரம் நின்றது உறுதியானதும் ஓடிப்போய் மார்பு அழுத்த வேண்டும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம், ஏஇடி இருந்தால் முதல் வாய்ப்பிலேயே. மின்சாரம் தாக்கி நின்ற இதயம் பல நேரம் துடிப்புக் குழம்பி நின்றது. ஏஇடி திருப்பிக் கொண்டுவரக்கூடிய வகை. எஸ்டேட் ஆபீசில் ஒன்று வாங்கி வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

தீமிதிக் காலுக்கு ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசையும் கிச்சாப்பும் (சோயா சாறு) வேண்டாம் என்று அவர் பெயர் சொல்லியே தடுக்க வேண்டும், ஏனென்றால் இங்கே வீட்டில் முதலில் கை போவது அவற்றுக்குத்தான்.

இன்னொரு கேள்வி, பலர் கேட்காதது: பயிற்சியில் யார் கையில் பட்டையை முறுக்கக்கூடாது? டயாலிசிஸுக்காக ரத்தநாளம் இணைத்த கை, சர்க்கரையால் உணர்விழந்த கால், ரத்தக்கட்டி வந்த கால். நம்மவர்களிடம் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும். வகுப்பு தொடங்குமுன் இதைத் தனியாகக் கேட்டறிகிற பயிற்றுநர், மற்ற இடங்களிலும் கவனமாக இருப்பார்.

இத்தனையும் வைத்துப் பார்த்தால் தோட்ட நிர்வாகத்துக்குச் சரிவருவது ஒரே ஆள் அல்ல. அவசரப் பிரிவில் வேலை பார்த்த எம்.ஏ.யை முதன்மைப் பயிற்றுநராக வைத்து, பொம்மைக்கும் சான்றிதழுக்கும் தொண்டு அமைப்பைச் சேர்ப்பது நல்ல ஏற்பாடு. படைப் பின்னணி உள்ளவரை அரை நாளுக்கு மட்டும், காவலர்களுக்கும் ருக்குன் தெத்தாங்கா ஆட்களுக்கும் நெருங்குவதும் இழுப்பதும் பழக்க அழைக்கலாம். அந்த அரை நாளிலும் எம்.ஏ. உடன் இருக்கட்டும். ஊழியர் பெரும்பாலும் மலேசியர் என்றால், ஆலைக்கு மட்டும் தனியார் நிறுவனத்தின் லெவி வழி சுலபம். இருபது தொண்டர் கொண்ட கோயில் கமிட்டிக்கு இவ்வளவு தேவையில்லை. தொண்டு அமைப்பின் ஒரு நாள் வகுப்பு, அதோடு ரத்தம் நிறுத்த இரண்டு மணி நேரம், தேர் போகும் பாதையில் ஒரு ஒத்திகை. அவ்வளவு போதும்.

நேரத்தை எப்படி ஒதுக்குவது என்பதும் ஆள் தேர்வில் சேரும். பால் வெட்டுகிறவர் விடியுமுன் எழுந்தவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணி நேரம் உட்காரவைத்தால் தூங்கத்தான் செய்வார். குலைக்குக் கூலி வாங்குபவருக்கு ஒரு நாள் வகுப்பு என்பது ஒரு நாள் சம்பள இழப்பு. அதை நிர்வாகம் ஈடுகட்டாவிட்டால் வருவது பெயருக்குத்தான் இருக்கும். இரண்டு முழு நாளை நாலு அரை நாளாகப் பிரிக்க ஒத்துக்கொள்கிற பயிற்றுநர் உள்ளூரிலிருந்து வருபவராகத்தான் இருப்பார். கோலாலம்பூரிலிருந்து வருபவருக்குத் தங்கும் செலவு கூடிவிடும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: வரப்போகும் பயிற்றுநர்களின் பெயர், அவர் வராவிட்டால் யார்; பொம்மை, பட்டை, காஸ் எண்ணிக்கை; எந்த ஆண்டு வழிகாட்டுதலைப் பின்பற்றுகிறார் (இதய உயிர்மீட்பு வழிகாட்டுதல்கள் ஐந்து ஆண்டுக்கொருமுறை திருத்தப்படுகின்றன); 999-க்கு மலாயில் பேசும் ஒத்திகை, அதில் டிவிஷன், பீல்டு எண், எந்தக் கேட், சாவி யாரிடம், முச்சந்தியில் வழிகாட்ட நிற்பது யார் என்ற ஐந்தும் வர வேண்டும். தேர்வு எழுத்தில் வேண்டாம். பீல்டிலேயே, தரையில் கிடக்கும் ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குள் பட்டை கட்டி முடிக்கிறாரா என்று பாருங்கள். கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஆறாவது மாத மறுபயிற்சி முடிந்த பிறகு கொடுங்கள்; இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் இரண்டாம் முறை வரும் எண்ணம் இல்லாதவர்.